அவள் குரலுக்கே பழகட்டும்

கபாலி கோயில் குளத்துக்குப் பின்னால், இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய சந்தில் இருந்தது அந்த மாடி வீடு. கே.கே. நகரிலிருந்து ஆடியோ சாமான் விற்கும் சாய்சரண் ஓர் அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்தபடி படியேறி வந்தான். பிறந்த குழந்தையைத் தூக்கி வருகிறவன் மாதிரி அவ்வளவு பதவிசு.

கதவைத் திறந்த ஷ்ரேயா, "உள்ள வாங்கோ, அவர் ஸ்பீக்கரைத் துடைச்சிண்டிருக்கார்" என்றாள்.

அவள் கணவன் அச்யுத்துக்கு வேறு வேலையே இல்லை என்று சொன்னால் பாவம் வந்து சேரும். ஆடிட்டர் உத்தியோகம், நல்ல சம்பளம், எல்லாம் இருந்தது. ஆனால் அந்த மனிதன் முழுசாக உயிரோடு இருப்பது கூடத்து நாற்காலியில், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான். கேட்பதும் எப்போதும் ஒரே குரல்தான். ஸஹானாவின் குரல். அவனுடைய முதல் மனைவி. டெங்குவில் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. இதே கூடத்தில், ஒரு மத்தியானம் அவள் தோடி ஆலாபனை சாதகம் செய்ததை அவன் பதிவு செய்திருந்தான். அவளில் மிச்சம் அது ஒன்றுதான்.

ஷ்ரேயா கல்யாணமாகி வந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. பொறாமைக்காரி என்று பேர் வாங்கிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளிடம் ஒரு சேதி இருந்தது. முந்தாநாள்தான் டாக்டர் உறுதி செய்தார். வயிற்றில் குழந்தை. அதைச் சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தாள். இரண்டு தரமும் "ஒரு நிமிஷம்" என்று கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான் அவன். என் முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் சொல்வேன் என்று அவளுக்கும் வீம்பு வந்துவிட்டது.

சாய்சரண் பெட்டியைப் பிரித்தான். கம்ப்யூட்டரில் கிடக்கும் பாட்டை ஸ்பீக்கருக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுக்கும் கன்வர்ட்டர் அது. அச்யுத்திடம் ஏற்கெனவே இருந்த கன்வர்ட்டரும் வால்வு ஆம்ப்ளிஃபையரும் 'வார்ம்' ரகம். குரலுக்கு மேல் மெல்லிசாக ஒரு போர்வையைப் போர்த்தினாற்போல் இதமாகக் கேட்கும்.

"இது நேர் எதிர் அண்ணா. டிரான்ஸ்பரண்ட். தானா எதையும் சேக்காது, எதையும் மறைக்காது. நடுவுல சுவரே இல்லாத மாதிரி இருக்கும்" என்றான் சாய்சரண். அதற்குத் தோதாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும் கொண்டுவந்திருந்தான். பழைய வால்வு மூலைக்குப் போனது.

"அதான் வேணும். வால்வுல அவ ரொம்ப இனிமையா கேக்கறா. ஸஹானா அவ்வளவு இனிமை கிடையாது. குரல்ல ஒரு பிசிறு உண்டு" என்றான் அச்யுத்.

ஷ்ரேயா காபி டம்ளரைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

இந்த ஸ்பீக்கர் பைத்தியக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பெட்டி வந்தால் சில நாள் அதை ஓடவிட்டே வைப்பார்கள். பழக விடுவது என்று பேர். பழகினால்தான் முழு நிஜமும் வெளியே வருமாம். அச்யுத் அன்று மாலையே ஆபீஸ் வேலையாக பெங்களூர் போகிறான். ஸஹானாவின் ஆலாபனையைத் திரும்பத் திரும்ப ஓடும்படி அமைத்தான்.

சாய்சரண் தயங்கினான். "சும்மா மழைச் சத்தம் ஏதாவது போடுங்கோண்ணா. குரல் வேண்டாமே."

"ஏன்?"

"கேக்க ஆள் இல்லாத ஆத்துல ஒரு குரல் பாடிண்டே இருக்கறது... என்னமோ, எனக்குப் பிடிக்கல."

"அவளுக்காகத்தானே வாங்கினேன். அவ குரலுக்கே பழகட்டும்" என்ற அச்யுத், ஷ்ரேயா பக்கம் திரும்பாமலே, "நான் வர வரைக்கும் நிறுத்திடாதே" என்றான்.

மறுநாள் காலையில் ஷ்ரேயா கூடத்தைப் பெருக்கும்போது அந்தப் பெட்டி செய்கிற வேலை புரிந்தது. போர்வை போய்விட்டது. தம்புராவுக்குப் பின்னால் ஃபேன் சுற்றுவது கேட்டது. ஜன்னலில் காக்கை நகம் உரசியது கேட்டது. ஸஹானா எச்சில் விழுங்குவது கேட்டது. மேல் ஸ்தாயியில் ராகத்தின் ஒரு பிடி வரும். ஒவ்வொரு தரமும் அங்கே தடுக்கி, "சீ. மறுபடியும்" என்று தன்னையே கடிந்துகொண்டு ஆரம்பத்துக்குப் போவாள். அந்தப் பிசிறு நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

ஷ்ரேயா நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனாள். அதன்மேல் துடைப்பம் படக்கூடாது என்று ஏன் தோன்றியதோ.

மத்தியானம் ரசத்துக்குத் தாளித்தாள். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, மிளகாய் வற்றலைப் போட்டதும் நெடி கிளம்பியது.

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

பாட்டு நின்று, இருமி, தொண்டையைக் கனைத்து, திரும்ப ஆரம்பித்தது. பதிவிலேயே இருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி முழுசாக ஒரு சுற்று நின்று கேட்டாள். இருமல் இல்லை. அடுத்த சுற்றிலும் இல்லை.

உள்ளே போய் இன்னொரு வற்றலைக் கிள்ளி எண்ணெயில் போட்டாள்.

இருமல்.

அடுப்பை அணைத்தாள். அச்யுத்துக்குப் போன் போட்டாள். மீட்டிங்கில் இருந்தான். "பதிவுல என்னென்னமோ இருக்கும் ஷ்ரேயா, இப்பதான் வெளியில வருது" என்று சந்தோஷப்பட்டான். எதையும் அவனிடம் சொல்லி முடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அழுகை வந்தது.

மறுநாளும் அந்தக் குரல் ஓடிக்கொண்டேயிருந்தது. துணி மடிக்கும்போது அவள் வாய் தன்னையறியாமல் முணுமுணுத்தது. பள்ளிக்கூட நாளில் கொஞ்சம் பாட்டுக் கற்றவள்தான். ஸஹானா தடுக்கி நிற்கும் அந்தப் பிடி வந்தது. ஷ்ரேயா அதை எங்கும் தடுக்கி நிற்காமல் பாடி முடித்துவிட்டாள்.

தம்புரா மட்டும் ஓடியது.

"சீ. மறுபடியும்" வரவில்லை.

"ம்" என்றது குரல். திருப்தியாக. காதுக்குப் பக்கத்தில். ஈரத் தலைமுடியின் சீயக்காய் வாசனையோடு.

ஷ்ரேயா ஓடிப்போய்ப் புதுப் பெட்டியின் வயர்களைப் பிடுங்கினாள். பழைய கன்வர்ட்டரையும் வால்வையும் தட்டுத்தடுமாறி மாட்டினாள். கண்ணாடிக் குமிழ்கள் மெதுவாகச் சிவந்தன. குரல் வந்தது. இனிமையாக, எட்டத்தில், போர்வைக்குள்ளிருந்து வந்தது. தடுக்கியது. "சீ. மறுபடியும்" என்றது. ஷ்ரேயா தரையில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது. அவன் வரட்டும், முதலில் குழந்தை விஷயம், அப்புறம் இந்தச் சனியனைச் சாய்சரணிடமே திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தாள்.

அச்யுத் அடுத்த நாள் பகலில் வந்தான். பயணப் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே வால்வின் சிவப்பைப் பார்த்துவிட்டான்.

"நிறுத்தாதேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்."

"அச்யுத், வேண்டாம். சொல்றதக் கேளுங்கோ."

"ஒரு நிமிஷம்."

புதுப் பெட்டியை மறுபடி மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஃபேன் சுற்றியது. காக்கை உரசியது. தம்புரா ஓடியது.

பாட்டு இல்லை.

"அவ எங்க?" என்றான். முகம் வெளிறிவிட்டது.

அப்போது சமையலறையிலிருந்து மிளகாய் நெடி வந்தது. ஷ்ரேயா அடுப்பே பற்றவைக்கவில்லை. உள்ளே யாரோ இருமினார்கள்.

அச்யுத் அந்தப் பக்கம் திரும்பி, "ஷ்ரேயா, காபி போடறியா?" என்றான்.

"இதோ" என்று பதில் வந்தது. லேசான பிசிறோடு.

ஷ்ரேயா அவன் எதிரேதான் நின்றிருந்தாள். குனிந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் சட்டை கூடக் கசங்கவில்லை.

"அச்யுத், நான் இங்க இருக்கேன்."

குரல் அவள் வாயிலிருந்து வரவில்லை. இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது.

அச்யுத் நிமிர்ந்து உட்கார்ந்தான். தலையை ஒருபக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"நமக்குக் குழந்தை பொறக்கப்போறது அச்யுத். டாக்டர் சொல்லிட்டார். உங்ககிட்ட சொல்லணும்னு எவ்வளவு நாளா தவிக்கறேன் தெரியுமா. கண்ணைத் திறங்கோ. என்னைப் பாருங்கோ."

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் பேசுவதை அவன் குறுக்கிடாமல் கடைசி வரை கேட்டான்.

சொல்லி முடித்ததும் அவள் வாய் தானாகத் திறந்தது. "அச்யுத், நான் இங்க இருக்கேன்." அதே சொல், அதே மூச்சு, அதே இடத்தில் அதே விம்மல்.

ஷ்ரேயாவின் நீலப் புடவையில் ஒருத்தி சமையலறையிலிருந்து காபியோடு வந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"யார் பேசறதுன்னே புரியல. அணைச்சுடட்டுமா?" என்று கேட்டான் அச்யுத்.

காபி கொண்டுவந்தவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"நிறுத்தாதேங்கோ" என்றாள். "ஓடட்டும். பழகட்டும்."