சிவப்புக் கோட்டில் ஓர் இடைவெளி

அட்டைக் கட்டின் பக்கவாட்டில் ஹெஸ்டர் இழுத்து வைத்திருந்த சிவப்புச் சாய்கோடு ஓரிடத்தில் மயிரிழை விட்டுப்போயிருந்தது. துளையிட்ட அந்த அட்டைகள்தான் கம்ப்யூட்டருக்குக் கட்டளை. கட்டு விழுந்து கலைந்தால் மறுபடி அடுக்க அந்தக் கோடுதான் துணை. அவள் கைராசிக்கு மாதம் இருமுறை விழும். இன்று விழவில்லை. ஆனாலும் ஓர் அட்டை குறைந்தது.

கம்ப்யூட்டர் வரையும் படத்தின் மூலையில் அவள் பெயரை எழுதவைக்கும் அட்டை.

"லாயிட், என் பேரு எங்க?"

"நியூயார்க் கண்காட்சில ஒரு பேரு போதும்னாங்கம்மா. ரெண்டு பேரு போட்டா வக்கீல் ஆபீஸ் பலகை மாதிரி இருக்காம்." லாயிட் சிரித்தான். "நீ கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"என் சார்பா நீயே சொல்லிட்டியா? ரொம்ப வசதி."

அவன் மூலையிலிருந்த தொலைபேசிக்குப் போய்விட்டான். இரண்டு வருடமாக இருவரும் சேர்ந்து கம்ப்யூட்டரைப் படம் போடவைத்தார்கள். அவள் தன் சாண்ட்விச்சின் வெள்ளரி ஊறுகாயைத் தினமும் அவனுக்கே கொடுத்தாள். அதைக் கூட்டு முயற்சி என்று நம்பிய முட்டாள், அவள்தான்.

வரைபொறிக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஞாயிறு மதியத்து ஆய்வுக்கூடத்தில் சூடேறிய தூசியும் ஈர மையும் மணக்க, உருளைமேல் தாள் முன்னும் பின்னும் உருள, வரைபொறியின் பேனா தகரத்தில் நகம் கீறுவதுபோல் கீறிக்கொண்டிருந்தது. மனம்போன போக்கில் கோடுகளை வீசச் சொல்லித்தான் எழுதியிருந்தார்கள். வெறும் சிக்கல்தான் வரவேண்டும்.

தாளில் ஒரு நாற்காலி வந்தது. அதில் ஒரு பெண். கொண்டையில் செருகிய பென்சில்.

ஹெஸ்டர் கொண்டையைத் தொட்டாள். பென்சில் இருந்தது.

பேனா அந்தப் பெண்ணின் பாதத்துக்கு இறங்கி, கறுப்பாக அப்பி மறைக்கத் தொடங்கியது. ஹெஸ்டரின் பாதம் மரத்தது. குளிரால் இருக்கும். பேனா ஏறியது. முழங்கால். இடுப்பு. கைகள்.

"லாயிட்!"

வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

"இல்ல சார், கூட யாரும் கெடையாது. நான் மட்டுந்தான்" என்றான் லாயிட் தொலைபேசியில். சொல்லிவிட்டு அறையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பொய் சொன்னால் அவனுக்கு இடது காது சிவக்கும்.

சிவக்கவில்லை.

பேச்சை முடித்து, விசிலடித்தபடி வந்தான். கம்பளிச் சட்டையைக் கழற்றினான். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிமேல், அவள் முகத்தின்மேல், மாட்டினான்.

பேனா கண்களுக்கு வந்தது.