சொந்த வண்டிக்காரன்

காலை ஆறே கால் மணி. பெருங்குடி குப்பைமேட்டுச் சாலையோரம் ஜவஹரின் ரெக்கவரி வண்டி எரிந்து நின்றது. நடுரோட்டில் மக்கர் செய்யும் கார்களை இழுத்துப்போகும் வண்டி அது. இப்போது அதையே வேறொரு வண்டி வந்து இழுக்கவேண்டிய கதி.

ஜவஹர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் கான்ஸ்டபிள் ஒருவர் செபஸ்தியானைக் கூட்டிவந்தார். முந்தாநாள் மந்தைவெளி டீக்கடையில், "இந்த வண்டி ஒரு நாள் பத்திக்கினு எரியும் பாரு" என்று பத்துப் பேர் காதுபடச் சொன்னவன் அவன்தான்.

அவனுக்குப் பொறாமை. மூடி மறைக்கத் தெரியாத பொறாமை. இரண்டு பேரும் ராஜரத்தினத்திடம் நாள் வாடகைக்கு வண்டி எடுத்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். செபஸ்தியான் இன்னும் வாடகையிலேயே கிடந்தான். ஜவஹர் போன வருஷம் சொந்தமாக வாங்கி, கதவில் மகள் பெயரை எழுதினான். அன்றிலிருந்து செபஸ்தியானுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வண்டி எதிரே வந்தால் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பான், பார்த்து வயிறெரிவான். முந்தாநாள் ஜவஹர் பின்பக்கம் நாலுக்கும் புது டயர் மாட்டிவந்து காட்டினான்.

"பழச இன்னா பண்ணே?"

"வூட்டு மாடில போட்டு வச்சிக்கீறேன் மச்சி. ரீட்ரேடு போட்டு மறுபடி ஓட்டிக்கலாம்."

அதற்கப்புறம்தான் செபஸ்தியான் தாங்கமாட்டாமல் வாயை விட்டான்.

இப்போது சப்-இன்ஸ்பெக்டர் ஹம்சா அவனிடம் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"நேத்து ராத்திரி எங்க இருந்தே?"

"பட்டினப்பாக்கம். வூட்ல."

"யார் பார்த்தா?"

"அம்மா."

"வேற?"

"யாரும் இல்ல மேடம்."

கேஸ் என்று ஒன்று விழுந்தால் ராஜரத்தினம் சாவியைத் தொட விடமாட்டார். ஊரில் வேறு எவனும் வண்டி தரமாட்டான். பிழைப்பே போய்விடும். அதைவிட மோசம், தன் கண் பட்டுத்தான் எரிந்ததோ என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

ஹம்சா ஜவஹர் பக்கம் திரும்பினார். "என்னென்ன போச்சு?"

"எல்லாம் மேடம். பேட்டரி, கேபிளு, இப்பத்தான் மாட்டுன டயர் நாலு..."

ஹம்சா தலையசைத்துவிட்டு, செபஸ்தியானை வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். கடல்காற்று தீயை முன்பக்கமே தள்ளியிருந்ததால், பின்பக்கம் புகை படிந்ததோடு சரி.

"இந்த வண்டியை உன் அளவுக்கு யாரும் முறைச்சுப் பார்த்ததில்லையாம். இப்ப பார்த்துச் சொல்லு, என்ன மாறியிருக்கு?"

குனிந்து பார்த்தவனுக்குத் திக்கென்றது. சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் ஜவஹர் மாட்டுவான். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம் எட்டிப்பார்த்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"டயரு மேடம். இது அவனோட பழசு, வூட்டு மாடில கெடக்குதுன்னான். இந்த வெட்டு போன மழைல அடையாறு பாலத்தாண்ட கம்பி கிழிச்சது. நானும் கூட இருந்தேன்."

"தேஞ்சிருக்குன்னு எனக்கும் தெரிஞ்சுது. யாரோடதுன்னுதான் தெரியல" என்றார் ஹம்சா.

பிறகு ஜவஹருக்கு முன்னால் போய் நின்றார். "புது டயர் எங்க?"

"எவனாச்சும் கழட்டியிருப்பான்."

"கழட்டினவன் வண்டியைச் செங்கல் மேல விட்டுட்டுப் போவான். பொறாமைக்காரன் புது டயரோடதான் கொளுத்துவான், அதுதான் அவனுக்கு இனிக்கும். உங்க மாடியில கிடந்த பழசை மாட்டிட்டு எரிச்சிருக்கு. அது நீங்கதான். எல்லாம் சாம்பலாயிடும்னு நினைச்சீங்க. காசு போட்டு வாங்கின டயரை நெருப்புல விட மட்டும் மனசு வரல. இன்சூரன்ஸ் பணத்துக்குத்தானே?"

ஜவஹர் கரிந்த கதவில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"தவணை, இன்சூரன்ஸ், எஃப்.சி., டயரு. ஓடுனாலும் அழுவணும், நின்னாலும் அழுவணும் மேடம்." செபஸ்தியானை நிமிர்ந்து பார்த்தான். "நீ சாயந்தரம் சாவியக் குடுத்துட்டு கைய வீசிக்கினு போவே. இஞ்சின் போனா ராஜரத்தினம் தலைவலி. தெனம் உன்னப் பாத்து வயிறு எரிஞ்சுது மச்சி. அதான், பழியும் உம்மேலயே போவட்டும்னு வுட்டேன்."

தன்னைப் பார்த்து வயிறெரியவும் உலகத்தில் ஒருவன் இருந்திருக்கிறான் என்பதைச் செபஸ்தியானால் நம்ப முடியவில்லை.

எரிந்த வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். செபஸ்தியானே போய் ராஜரத்தினத்தின் வண்டியை எடுத்துவந்தான். முன்பக்கத்தைத் தூக்கிச் சங்கிலி மாட்டும்போது ஜீப்புக்குள்ளிருந்து ஜவஹர் எட்டிப்பார்த்தான்.

"மச்சி, ப்ரொபெல்லர் ஷாஃப்ட கழட்டிட்டு இழு. இல்லாட்டி சக்கரம் சுத்தச் சுத்த கியர் பாக்ஸ் பூடும்."

செபஸ்தியான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான்.