இரண்டு முறை நிமிர்ந்த சேவல்

அன்று கொட்டகலை ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் ஐந்து பேர் இருந்தார்கள். கடைக்காரர் நஸார். தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் முத்துலிங்கம் கங்காணி. அவருடைய மகள் பூரணி. கங்காணியின் தங்கை வீரம்மா. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கும் கணேசமூர்த்தி. ஆறாவது ஆள் இல்லை.

1954, ஐப்பசி. தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் தாமதம். மழை... விடாத மழை.

அந்த ரயில் வராமலே போகட்டும் என்று பூரணி வேண்டிக்கொண்டிருந்தாள். கந்தப்பளையில் மாலை ஐந்துக்குள் அவளுக்கு நிச்சயத் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் தாய் படுத்த படுக்கை; அதனால் பெண்ணை அங்கேயே அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். நேரம் தவறினால் சம்பந்தம் இல்லை என்றும் சொல்லியிருந்தார்கள். அவனுடைய முதல் மனைவி மூன்றே மாதத்தில் உடைந்த கையோடு தாய்வீடு திரும்பியவள். வழுக்கி விழுந்தாள் என்றார்கள். அப்பா நம்பினார். பூரணி நம்பவில்லை... சொல்லத்தான் வாய் வரவில்லை.

குடையை மடக்கினாள். சிதறிய நீர் கணேசமூர்த்தியின் தேநீரில் விழுந்தது.

"ஐயோ..."

"பரவாயில்லீங்க. டீயில சாயம் கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு."

நிமிர்ந்தாள். மழை கழுவிய கொழுந்துபோல் பளிச்சென்ற அவள் கண்கள் அவன்மேல் நின்றன... ஒரே ஒரு கணம்.

"என்னா புள்ள, தரையப் பாரு!" என்றாள் வீரம்மா.

கணேசமூர்த்தி கூச்சத்தை மறைக்க, கோப்பைக்குக் கீழே இருந்த பீரிசை எடுத்தான். நடுவில் சேவல் படம் போட்ட பீங்கான் பீரிசு. அதே அளவுள்ள இன்னொரு பீரிசை மேசையில் வைத்து, அதன் விளிம்பை ஒட்டி இதை உருட்டத் தொடங்கினான்.

"என்னா தம்பி வெளயாட்டு?" என்றார் கங்காணி.

"ஒரு கணக்குங்க ஐயா. இந்தப் பீரிசு அசையாது. இது அதோட ஓரத்துல வழுக்காம உருண்டு ஒரு ரவுண்டு வருது. அதுக்குள்ள சேவல் எத்தன வாட்டி கரணம் அடிக்கும்?"

"ரெண்டும் ஒரே அளவு. ஒரு வாட்டி. இது ஒரு கணக்கா?"

"ரெண்டு வாட்டிங்க."

கங்காணியின் மீசை துடித்தது. "காலையில பெரட்டுல, வேலைக்குப் போற எரநூறு பேர நிறுத்தி எண்ணுறவன் நான். எனக்கே எண்ணச் சொல்லித் தர்றியா?"

அவன் உருட்டிக் காட்டினான்.

"கையால திருகுற! நேர்மையா உருட்டி ரெண்டு வந்துச்சுன்னா நான் இந்த ரயில்ல ஏறல. எல்லாரு முன்னாலயும் சொல்றேன்!"

"கங்காணியாரே, வாய விடாதீங்க," என்றார் நஸார். "பீரிசயும் ஒடச்சிடாதீங்க. அது ஜோடி."

"எம் மக உருட்டட்டும். அவளுக்குப் பொய் தெரியாது."

பூரணி மேசையருகே வந்தாள். சேவலின் தலையை மேலே வைத்து, பீரிசை மற்றதன் மேல்விளிம்போடு சேர்த்தாள். மெல்ல உருட்டினாள். கால்வாசி தூரத்தில் சேவல் தலைகீழ். பாதித் தூரம்... நேர் கீழே. அங்கேயே சேவல் நிமிர்ந்து நின்றது! ஒரு கரணம் முடிந்துவிட்டது. இன்னும் பாதிச் சுற்று மிச்சம்.

தூரத்தில் ரயில் கூவியது.

இனிமேல் உருட்டாமல் வழுக்கவிட்டால் போதும். சேவல் நிமிர்ந்தபடியே மேலே போய்விடும். ஒன்று. அப்பாவின் மானம் தங்கும்... அவள் ரயிலேறுவாள். உருட்டினால்? நாலு பேர் முன்னே அப்பாவைத் தலைகுனிய வைத்த மகள். கணேசமூர்த்தி அவளைப் பார்க்கவில்லை. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உருட்டினாள். சேவல் மறுபடி கவிழ்ந்தது. மறுபடி நிமிர்ந்தது.

"ரெண்டு, அப்பா."

கங்காணி தானே ஒருமுறை உருட்டினார். ரயில் வந்து நின்றது.

"அண்ணே, ரயிலு..." என்றாள் வீரம்மா.

"சொன்னது சொன்னதுதான்."

ரயில் போயிற்று. அவர் மகளை உற்றுப் பார்த்தார். "ஏம்மா அழுவுற?"

"அந்த வூட்டுக்குப் போக பயமா இருக்குப்பா... அந்தப் பொண்ணு வழுக்கி விழல."

கங்காணி எழுந்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "கந்தப்பளைக்குத் தந்தி குடுத்துட்டு வர்றேன். வரலன்னு."

அவர் படியிறங்கியதும் பூரணி கண்ணைத் துடைத்தாள். "நீங்களும் அந்த ரயிலுக்குத்தானே காத்திருந்தீங்க? ஏன் ஏறல?"

"நானும் ஒரு பந்தயம் வச்சேங்க... மனசுக்குள்ள. நீங்க வழுக்க விடாம உருட்டுனா, எங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு உங்க வூட்டுக்கு வரணும்னு."

வீரம்மா மெனக்கெட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது ஏன் ரெண்டு வந்துச்சு?" என்று கேட்டாள் பூரணி.

"ஓரத்த அளந்ததுக்கு ஒண்ணு. சுத்தி வந்ததுக்கு ஒண்ணு."

அவள் தரையைப் பார்த்தாள். "உங்க அம்மா... டீக்கு எத்தன கரண்டி சீனி போடுவாங்க?"

பூரணி அன்று ரயிலேறி ஓடிப்போனாள் என்று வட்டவளை வரைக்கும் பேசுகிறார்கள். அது பொய். அன்று அந்தக் கடையிலிருந்து யாரும் ரயிலேறவில்லை. தை மாதம், முத்துலிங்கம் கங்காணியே அவளைக் கணேசமூர்த்திக்குத் தாரை வார்த்துக் கொடுத்தார்.