பஞ்சு அடைத்த இடுக்குகள்

போன வெள்ளிக்கிழமை தண்ணீர் புகாதபடி பலகை இடுக்குகளில் அடித்து இறுக்கியிருந்த பஞ்சுத் திரி முழுவதும் வெளியே வந்து, படகைச் சுற்றித் தரையில் சுருள் சுருளாகக் கிடந்தது. ஷெட் கதவைத் திறந்த அருள்ராஜுக்குக் காது மடல் சுட்டது.

அரபு நாட்டில், அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் அந்தத் தகர ஷெட்டில் பாதி அவனுடையது. மறுபாதியில் காயல்பட்டினத்து ஹபீப் முகம்மது கடைச் சாமான்களை அடுக்கியிருந்தார். வாரத்தில் ஆறு நாள் அருள்ராஜுக்கு சைட்டில் சென்ட்ரிங் வேலை. அவன் அடிக்கிற பலகைகளையெல்லாம் கான்கிரீட் இறுகியதும் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். நிலைத்து நிற்கும்படி அவன் கை செய்துகொண்டிருந்தது இந்தப் படகு ஒன்றைத்தான். ஆளில்லாமல் மிதந்து வந்து கரை ஒதுங்கிய இருபதடி மரப்படகு. பெயர் கிடையாது, நம்பர் கிடையாது, ஏறி வந்தவர்களைப் பற்றித் தகவலும் கிடையாது. உடைத்து விறகாக்க இருந்தவர்களிடம் கேட்டு வாங்கிவந்து, ஏழு மாத வெள்ளிக்கிழமைகளை அதற்கே கொடுத்திருந்தான்.

ஷெட்டுக்கு இரண்டே சாவிகள். நேராக ஹபீபின் கடைக்குப் போனான்.

"பாய், என் இடம் வேணும்னா வாயத் தொறந்து கேளுங்க. இந்த ஈன வேலை எதுக்கு?"

"என்ன அருளு பேசுறீங்க? உங்க படக நான் தொட்டதுகூட இல்ல. அல்லா மேல ஆணையா."

"அப்ப பஞ்சு தானா நடந்து வந்துச்சா?"

ஹபீப் கொத்திலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினார். அந்த நிதானம்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஓங்கி அறைந்துவிட்டான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த மனுஷன். கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு அவர் கடைக்குள் திரும்பிப் போனார்.

மீண்டும் பஞ்சு அடைத்தான். அடுத்த வெள்ளி, இரண்டு சாவியும் அவன் பையில்தான் இருந்தன. கதவைத் திறந்தான்.

பஞ்சு தரையில் கிடந்தது.

வெட்கம் வந்திருக்க வேண்டும். ஆனால் கோபம்தான் திசை மாறிப் படகின் மேல் பாய்ந்தது. "கலாஸ், இதோட முடிஞ்சுது. இன்னைக்கு நீயா நானான்னு பாத்துருவோம்" என்று உள்ளே தாழ்ப்பாள் போட்டான். ஆகஸ்ட் நடுப்பகல், தகரக் கூரையிலிருந்து இறங்கிய வெக்கையில் மரத்தூளும் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து தொண்டையில் கசந்தன. வெளியே எங்கோ பள்ளிவாசலில் ஜும்ஆ பயான் கேட்டது. எண்ணெயில் ஊறிய திரியை இரண்டு மடங்காக முறுக்கி, மழுங்கிய உளியை வைத்து, மரச்சுத்தியலால் அடித்து அடித்து உள்ளே தள்ளினான்.

கீழ் இடுக்கை அடைக்கும்போது திரி மெல்ல வெளியே வந்தது. தள்ளினான். மறுபடி வந்தது. உளி முனையை எதுவோ எதிர்த்துத் தள்ளியது. கெட்டியாக அல்ல, மெத்தென்று.

ஏணி வைத்து ஏறி உள்ளே பார்த்தான். காய்ந்த பலகைகள். ஒரு தடம்கூடப் படாத மரத்தூள். வேறொன்றுமில்லை.

இறங்கி உளியைத் திரும்ப எடுத்தான். உள்ளே ஒன்றும் இல்லாததே அவனுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அதே இடத்தில் அடித்தான். ஏழு அடி. எட்டு. ஒன்பதாவது அடியில் எதிர்ப்பு நின்றது. பஞ்சு அசையவில்லை.

"அவ்வளவுதான்" என்றான் மூச்சிரைக்க.

அந்தப் பக்கம் முழுக்க அடைத்து முடித்துவிட்டு மறுபக்கம் வந்தான். பயான் நின்றிருந்தது. ஃபேனும் நின்றிருந்தது. கரண்ட் போயிருந்தது.

தரையில் மரத்தூள் நகர்ந்தது.

படகை நோக்கி. பிறகு விலகி. மறுபடி படகை நோக்கி.

கதவு மூடியிருந்தது. காற்று இல்லை.

திறந்திருந்த இடுக்கு ஒன்றில் உள்ளங்கையை வைத்தான். கையை உள்ளிழுத்தது. விட்டது. வெதுவெதுப்பு. ஈரம்.

மண்டியிட்டுக் குனிந்தான்.

உதடுகள்.

இடுக்கு நெடுக, உள்ளிருந்து ஒட்டிக்கொண்டு, வரிசையாக உதடுகள். வெடித்து உப்புப் பூத்த உதடுகள். ஒவ்வொன்றும் திறந்து, காற்றை உறிஞ்சி, மூடின. மேல் வரிசையில் பெரியவை. கீழே வரவரச் சின்னவை. தரையை ஒட்டிய இடுக்கில், பால்பல் தெரிய ஒன்று.

சுத்தியல் கையை விட்டு விழுந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. தவழ்ந்தே, முதலில் அடைத்த பக்கம் போனான்.

அங்கே மூச்சுச் சத்தம் இல்லை. அவன் அடைத்த திரிகள் வரிவரியாக, நேராக, இறுகி நின்றன. ஒரே ஒரு இடத்தில், கீழ் இடுக்கில், பஞ்சு உள்ளிருந்து மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.