ஆறு மணி வரைக்கும்

ஒன்பதாம் படுக்கைப் பெரியவரின் கை ஜில்லென்றிருந்தது. பிற்பகல் இரண்டு மணி வெயில் ஜன்னல் வழியாக நேரே அந்தக் கைமேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

தொட்டுப் பார்த்த பயிற்சி டாக்டர் சட்டென்று விரல்களை எடுத்துக்கொண்டாள். மணிக்கொரு முறை அவருடைய ரத்த அழுத்தத்தையும் நாடியையும் பார்த்து அட்டையில் குறிப்பது அவள் பொறுப்பு. முப்பத்திரண்டு மணி நேரமாக அவள் படுக்கவில்லை. தூக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு வர, பன்னிரண்டு மணிக்கே ஆறு மணி வரைக்குமான எண்களைக் குத்துமதிப்பாக எழுதிவைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். பயிற்சி டாக்டர்கள் எல்லோரும் எப்போதாவது செய்கிற திருட்டுத்தனம்தான். வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவே.

மணிக்கட்டில் நாடி இல்லை. கழுத்திலும் இல்லை. மருந்து நெடிக்கு அடியில் இன்னொரு வாடை. ஐயோ, கொன்றுவிட்டேனே! பதறியடித்துக்கொண்டு அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றினாள். பட்டை உஸ்ஸென்று உப்பி, இறங்கியது.

112/70. நாடி 84.

அட்டையில் இரண்டு மணிக் கட்டத்தில் அவள் எழுதியிருந்ததும் அதேதான்.

பெரிய டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் நோயாளியைத் தொடவில்லை. கருவியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு? மூஞ்சியக் கழுவிட்டு வாம்மா."

மூன்று மணி. அச்சுப் பிசகாமல் அவள் எழுதியதே. நான்கு. பெரியவரின் தாடை விறைத்துவிட்டது, மார்பு மட்டும் ஏறி இறங்கியது. ஐந்து.

"அப்பா ஏன் கண்ணே தொறக்க மாட்டேங்கிறாரு, டாக்டரம்மா?" மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அவர விட்டா யாருமில்ல."

"தூங்குறாரும்மா." கையை விடுவித்துக்கொண்டு மறுபடி பட்டையைச் சுற்றினாள்.

ஆறு. அதற்குக் கீழே கட்டங்கள் காலி.

ஏழு அடித்ததும் மார்பு நின்றது. மகள் அலறினாள். பயிற்சி டாக்டரின் கை ஏழு மணிக் கட்டத்தில் தானாக எழுதியது: 110/70, 80.

மார்பு ஏறியது.

"இன்னுமா நீ போகல?" இரவுப் பணிக்கு வந்த தோழி சிரித்தபடி கையை நீட்டினாள். "பேனாவக் குடுடி. போய்ப் படு. செத்துத் தொலைக்கப்போற."

கொடுக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை. பெரியவரின் கண்கள் திறந்திருந்தன. வறண்டு, இமைக்காமல், பேனாவையே பார்த்தபடி. விறைத்த விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகின. மெல்ல, மிக மெல்ல, அவள் கையை எட்டு மணிக் கட்டத்துக்கு நகர்த்தின.