செக்யூர் பூட் கேட்ட மழை நாள்

"நான் எதையும் தொடலைங்க. அதுவா இப்படி ஆயிடுச்சு..."

கஸ்தூரி நிமிர்ந்தாள். தொப்பலாக நனைந்த ஒருவன். சட்டைக்குள் பொத்திக் கொண்டுவந்த லேப்டாப் மட்டும் நனையவில்லை.

ஆவடியில் அவளுடைய ஒற்றை அறை சர்வீஸ் கடை. வருகிற எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

"இன்னா சார், அதுவே பயாஸுக்குள்ள பூந்து செட்டிங்க மாத்திகிச்சா?"

நனைந்து வந்த பூபாலன் தலைகுனிந்தான். எஞ்சினியர் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

"உண்மைய சொல்லுங்க. அப்பத்தான் கை வைப்பேன்."

சொன்னான். மூன்று மணிக்கு ஆன்லைன் தேர்வு. படிப்பு முடித்தபின் அவனை அழைத்த முதல் கம்பெனி. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு செட்டிங் இல்லாமல் தேர்வு திறக்காது. விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் அவனே அதைப் போட்டான். திரை கறுத்துவிட்டது.

"இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

பழைய செட்டிங்கையே திருப்பி வைத்தாள். விண்டோஸ் எழுந்தது.

"டிஸ்க் இன்னும் பழைய மொறையிலயே கீது. அத்த மாத்தாம போட்டா இப்படித்தான்."

அதே டிஸ்க்கைப் புது முறைக்கு மாற்றினாள். மறுபடி பயாஸ். செக்யூர் பூட்... எனேபிள்.

"இனி விண்டோஸ் எழறதுக்கு முன்னாடியே, யார் வர்றாங்கன்னு பாக்கும். அடையாளம் தெரிஞ்சாத்தான் உள்ள வுடும்."

நீல வெளிச்சம் அவள் கண்களில் ஏறியது. அவன் திரையைப் பார்க்க மறந்தான்.

மூன்றாகப் போகிறது. வீட்டுக்குப் போக நேரமில்லை.

"இங்கியே எழுதுங்க."

"வேற ஆள் இருக்கக் கூடாதுங்க. குரல் கேட்டாலே கேன்சல்..."

அவள் எழுந்து வெளியே போனாள். ஒரு சாண் மட்டும் விட்டு ஷட்டரை இறக்கினாள்.

தேர்வு ஓடியது. நடுவில் வாசலில் ஒரு குரல். "இன்னா கஸ்..." பாதியிலேயே நின்றது. பூபாலன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். திரையில் அடுத்த கேள்வி வந்தது.

ஷட்டருக்குக் கீழே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. மழை அவற்றின் மேல் தெறித்துக்கொண்டே இருந்தது. அவை நகரவே இல்லை.

முடித்துவிட்டு ஷட்டரைத் தூக்கினான். அவள் முழுக்க நனைந்திருந்தாள். உதட்டின்மேல் இன்னும் விரல் இருந்தது. பெயர்கூடத் தெரியாத ஒருவனுக்காக...

"முடிஞ்சிச்சா?" கிசுகிசுத்தாள்.

"முடிஞ்சிச்சு. எல்லாம் எழுதிட்டேன்."

சிரித்தாள். குளிரில் பற்கள் தந்தியடித்தன.

"நாளைக்கும் வரலாமா...?"

"ஏன், லேப்டாப்புக்கு இன்னா?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. உங்களப் பாக்கணும்."

கஸ்தூரி துப்பட்டாவைப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சாயங்காலமா வாங்க," என்றாள். "கூட்டம் இருக்காது."