மாடுகளுக்குத் தெரிந்துவிட்டது

மாடுகள் தண்ணீருக்குப் போகவில்லை. மதியத்திலிருந்து ஆண்கள் வார்டின் சன்னலுக்கு வெளியே, கம்பிவேலியை ஒட்டி, சுவரையே பார்த்துக்கொண்டு நின்றன.

நர்ஸ் செகோமொட்சோ திரையை இழுத்துவிட்டாள். தென்னாப்பிரிக்காவில் ஸீரஸ்ட் ஊருக்கு அப்பால் இருக்கிற அந்தச் சின்ன ஆஸ்பத்திரி முழுக்கப் பினாயில் வாடைதான். ஆனால் அதற்கடியில் துருப்பிடித்த இரும்பின் வாடையும் இருந்தது, அது கட்டிலில் தூங்கும் தன் தம்பி மொடிசேயின் மூச்சிலிருந்து வருகிறது என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

டிராக்டர் கவிழ்ந்து, வயிறு கிழிந்து, உடம்பு ரத்தமெல்லாம் கொட்டிப்போய் நேற்று வந்தவன். சாகிற நேரத்திலும் பிடிவாதம். "எங்க சபையில ரத்தம் ஆகாதுக்கா. மனுசனோடதும் வேணாம், மிருகத்தோடதும் வேணாம்."

கொடுப்பதற்கு மட்டும் ரத்தம் எங்கே இருக்கிறது? அவர்கள் பேசும் ட்ஸ்வானா மொழியில் ரத்தத்துக்கும் பணத்துக்கும் ஒரே சொல். அந்த ஆஸ்பத்திரியில் இரண்டுமே கிடையாது. டாக்டர் ஃபூரி அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்தார். குளிர்பெட்டி வேண்டாம், ரத்த வகை பார்க்க வேண்டாம், ரத்தத்தின் வேலையை அதுவே செய்யும். மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த கருஞ்சிவப்பு நீர்.

"தம்பிகிட்ட முழுசா சொல்லிடுங்க சிஸ்டர்," என்றார்.

அவள் மருந்து என்று மட்டும் சொன்னாள். தம்பி பிழைத்தான். அந்தப் பொய்க்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

வெளியே ஒரு மாடு கத்தியது. அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்துக் கத்தியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே, குளம்பால் மண்ணைப் பறித்துப் பறித்து. மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்த எவருக்கும் அந்தக் கத்தல் தெரியும். தங்களில் ஒன்றை அறுத்த இடத்தை மோந்தால்தான் அவை அப்படிக் கத்தும்.

மொடிசே கண் விழித்தான். வெள்ளை விழி மஞ்சளாகியிருந்தது.

"இங்க எதை அறுத்தாங்கக்கா?"

"ஒண்ணுமில்லடா. தூங்கு."

"பொறந்ததுலேருந்து மாட்டோட கிடக்கிறவன் நான். எங்கிட்டயா?" கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்தான். வெகுநேரம் மோந்தான். "எனக்கு என்னக்கா ஏத்துன?"

அவள் டாக்டரைக் கூப்பிடும் சாக்கில் வெளியே ஓடினாள்.

திரும்பியபோது கட்டில் காலி. கத்தல் நின்றிருந்தது.

பின்கதவு திறந்து கிடந்தது. வேலி சாய்ந்திருந்தது. மாடுகள் வட்டமாக. நடுவில் அவன். மல்லாந்து. வயிற்றில் போட்டிருந்த கட்டைத் தானே பிரித்திருந்தான். தையல் விட்டிருந்தது.

ஒரு கிழட்டுப் பசு அந்தக் காயத்தை நக்கிக்கொண்டிருந்தது. ஈன்ற கன்றை நக்குகிற மாதிரி. மெதுவாக.

செகோமொட்சோ முட்டி மோதினாள். அடித்தாள். ஒரு மாடும் விலகவில்லை.

மொடிசே தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். முகத்தில் கோபம்கூட இல்லை; இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"விடுக்கா," என்றான். "அதுங்களோடதுதானே."

மற்ற மாடுகளும் தலை குனிந்தன.